என் கண் முன்னால்

மே 3
தீவனக் கடை வாசலில் எழுதியிருந்ததை யாரையும் கேட்காமல் படித்தேன். 'கோழிக்குஞ்சுகள் வந்துவிட்டன.' வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். இந்த வயதில் எழுத்துக் கற்றதும், ஊர் முழுக்க என்னிடம் பேசத் தொடங்கியிருக்கிறது.

ஆற்றுக்கான மனு வேலையை நடத்தும் வெர்னா தாள்களைத் தந்தாள். ஆல்டர் ஆறு பிறக்கும் மலையில் சுரங்கம் தோண்டக் கூடாது என்று மாவட்ட மக்களே ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கலாம். அந்தக் கேள்வி நவம்பர் ஓட்டுச் சீட்டில் ஏற, முதலில் போதுமான கையெழுத்து சேர வேண்டும். நான் வாங்கி வருகிறேன் என்றேன்.

மே 9
கடைக்கார லாய்டு சொன்னான்: "சுரங்கக் கம்பெனி ஆளுங்க வந்தாங்க. தாளைத் தூக்கிட்டு அலையற கிழவன் யாருன்னு கேட்டாங்க. நம்ம டுவைட்டோட அப்பான்னேன். தப்பா?"

தப்புதான். அதே கம்பெனியின் ஜல்லிக் குவாரியில்தான் என் மகன் லாரி ஓட்டுகிறான்.

மே 10
டுவைட் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

மே 16
ஆற்றில் சால்மன் மீன் ஏறுகிறது என்றார்கள். தாளை லாய்டு கடை மேஜையில் வைத்து, பேனாவைக் கயிற்றில் கட்டிவிட்டு ஆற்றுக்குப் போனேன். இங்கே முட்டையை வேலியோரம் வைத்து, பக்கத்தில் ஒரு தகர டப்பாவும் வைத்துவிட்டுப் போவோம். எடுப்பவர் காசைப் போட்டுவிட்டுப் போவார். காவல் கிடையாது. அப்படித்தான் இதையும் வைத்தேன். திரும்பி வந்தால் தாள் நிரம்பியிருந்தது.

மே 17
விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். கடைசி வரி — டுவைட். அவன் பள்ளிக்கூடத்தில் எழுதிய எதையும் என்னால் படிக்க முடிந்ததில்லை. என் பிள்ளையின் எழுத்தை இன்றுதான் படிக்கிறேன். சந்தோஷம். உடனே அவன் வேலை நினைவுக்கு வந்தது.

வெர்னாவிடம் கொண்டுபோனேன்.

"எல்லாரும் உங்க கண் முன்னாலதானே போட்டாங்க, ஆர்வில்?"

"நான் மீன் பிடிக்கப் போயிருந்தேனே."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "இது முட்டை டப்பா இல்ல."

அடியில் இருந்த வரியை நானே படித்தேன். ஒவ்வொருவரும் என் எதிரில் கையெழுத்திட்டதாக நான் உறுதி சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ஜெயில். தாள் செல்லாது. இன்னொன்றும் சொன்னாள்: "தேர்தல் ஆபீஸ்ல குடுத்தப்புறம் யார் கேட்டாலும் காட்டுவாங்க. கம்பெனி கேட்டாலும்தான்."

மே 18
செல்லாம போனதே நல்லதுன்னு ஒரு மனசு சொல்லுது. அவன் பேரு யார் கண்ணுலயும் படாது. ரெண்டு பிள்ளைங்க இருக்கு அவனுக்கு. இதை எழுதறப்பவே வெக்கமா இருக்கு — ஊரான் பிள்ளை பேரு மட்டும் படலாமா?

மே 24
வீடு வீடாகப் போய்ப் புதுத் தாளில் மறுபடி வாங்குகிறேன். போடும் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"என்ன பெரிசு, இப்படி முறைச்சா என் பேரே எனக்கு மறந்துடும்," என்றான் லாய்டு.

ஒருத்தர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடியது. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். டுவைட்டின் தெருமுனை வரை போய் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

ஜூன் 2
டுவைட்டே வந்தான். உட்காரவில்லை.

"ஊர்ல எல்லார்கிட்டயும் ரெண்டாவது தடவை வாங்கினியாமே. எங்கிட்ட வரல."

"கம்பெனிக்காரங்க பாப்பாங்கடா."

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"வேலை?"

அவன் தாளை இழுத்துக்கொண்டான். "நல்லாப் பாத்துக்கப்பா. அப்புறம் மீன் பிடிக்கப் போயிருந்தேன்னு சொல்லாத."

பார்த்தேன். அவன் போட்டு முடித்ததும், அடியில் உறுதி சொல்லும் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நான் என் பெயரை எழுதுவதை அவன் பார்ப்பது இதுதான் முதல்முறை. சிரிக்கவில்லை அவன்.

செப்டம்பர் 8
டுவைட்டை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

அக்டோபர் 21
ஓட்டுச் சீட்டுகள் தபாலில் வந்தன; இங்கே வீட்டிலேயே நிரப்பித் திருப்பி அனுப்புவோம். ஆற்றைப் பற்றிய கேள்வி இருக்கிறது. முழுவதும் படித்தேன், இரண்டு முறை. டுவைட் தன் சீட்டை இங்கேயே கொண்டுவந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து நிரப்பினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை யாரும் பார்க்கக் கூடாதாம். அந்த வரியையும் படித்துவிட்டேன்.