வால் வளர்ந்த மீன்

என் மாமாவுக்கு,

புருஷனை மாமா என்று கூப்பிடுவது பலருக்கு வெறும் பழக்கம். எனக்கு அது பிறப்பிலேயே வந்த உறவு. என் அப்பாவின் அக்கா மகன் நீ. "சொந்தத்துல குடுத்தா மாமியா மருமவ சண்ட வராது"ன்னு சொல்லித்தான் என்னை இந்த ஏரிக்கரைத் தோணிரேவில் கொண்டுவந்து விட்டார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவராவது நம் வீட்டில் அரைநாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

உன் கண்ணாடித் தொட்டி அதே இடத்தில், டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விலாவில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த மஞ்சள் மீன் ஜோடியை ஏரியிலிருந்து குண்டானில் நீ கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வலையில் விழுந்தால் நம் ஆட்கள் உதறிவிட்டுப் போகிற பொடி மீன். "ஊரே மீன் வித்து சோறு துண்ணுது, எங்க ஊட்டுக்காரரு மீனுக்குச் சோறு போட்றாரு" என்று தெருக்குழாயடி முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். இப்போது அந்தத் தொட்டி மோட்டாரின் உறுமல் இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. உன் குறட்டைக்குக் கொஞ்சம் தம்பி மாதிரி இருக்கிறது.

உன் கருமாதியன்று ஏரிக்கு அக்கரை பசியாவரத்திலிருந்து உன் தங்கச்சி படகோடு வந்துவிட்டாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக. அத்தை நகரவில்லை. தொட்டியைக் காட்டினாள்.

"இதுங்க எம்புள்ள கையால தீனி துண்ணதுங்க. இதுல ஒண்ணு கீற வரைக்கும் நான் இங்கதான். அதுவும் பூடுச்சின்னா வந்து கூட்டினு போ."

நியாயமாக நான் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். இத்தனை வருஷச் சண்டைக்கு ஒரு முடிவு! ஆனால் வேண்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவளும் போய்விட்டால், உனக்குக் குழம்பில் புளி எவ்வளவு வேண்டும் என்று நான் யாரோடு சண்டை போடுவது?

கொஞ்ச நாளில் பெண்மீன் செத்தது. ஆண் மட்டும் தொட்டியில் நீ போட்ட உடைசட்டிக்குள் முகத்தைத் திணித்துக்கொண்டு கிடந்தது, தீனி எடுக்கவில்லை. துணை தேடிப் பொன்னேரியில் வளர்ப்பு மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் நீலமும் சிவப்புமாகச் சின்னச் சின்ன மீன்களைக் காட்டினார். "எல்லாம் சிக்லிட்மா. உங்க பொட்டு மீனு, ஜிலேபி, இது எல்லாமே ஒரே குடும்பம். ஆனா உங்க ஏரித் தண்ணி உப்பு, இதுங்க தாங்காது."

எனக்குக் காதில் விழுந்தது 'ஒரே குடும்பம்' மட்டும். பிறகென்ன, ஒரு குட்டையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஜிலேபிக் குஞ்சு ஒன்றைப் பிடித்துவந்து விட்டேன். என்னை இந்த வீட்டில் கொடுத்தவர்கள் போட்ட அதே கணக்கு. அது வாரம் முடிவதற்குள் உன் மீனின் வாலில் பாதியைக் கடித்துவிட்டது.

"நீ கொண்டாந்தது ஒன்ன மாரியே கீதுடி" என்றாள் அத்தை. ஜிலேபியை எடுத்துக் குட்டைக்கே திருப்பி அனுப்பினேன்.

அப்புறம்தான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. "ஒண்ணே ஒண்ண வுட்டா அதையே போட்டுக் கடிக்கும். அதே மீனுல நாலு பொடிசா வுடு, யாரக் கடிக்கிறதுன்னு தெரியாம வுட்ரும். வுடறதுக்கு முன்ன கல்ல எல்லாம் மாத்தி வெய்யி. பழசுக்குத் தன் எடம் எதுன்னு மறந்து போவணும்."

நீ போனதிலிருந்து கரைப்பக்கம் எட்டிப் பார்க்காத அத்தை, அன்றைக்குக் குண்டானைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். வலை உதறுகிறவர்களிடம், "டேய், அந்தப் பொட்டு மீன எறியாதீங்கடா!" என்று அவள் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. சுண்டுவிரல் நீளத்தில் நாலு கிடைத்தன. நான் கல்லை மாற்றத் தொட்டிக்குள் கையை விட்டேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எம்புள்ள வெச்ச கல்லு."

"மாத்தலன்னா இந்த நாலையும் அது கொன்னுடும், அத்த."

அவள் பிடியை விடவில்லை. நானும் கையை வெளியே எடுக்கவில்லை. தண்ணீருக்குள் எங்கள் இரண்டு பேர் கையும் வெளிறிப்போய்த் தெரிந்தது. கடைசியில் அவளே ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தாள், முந்தானையில் துடைத்தாள், நீ வைக்காத இடமாகப் பார்த்து வைத்தாள். ஒரு சின்னக் கல் மட்டும் தொட்டிக்குத் திரும்பவில்லை. அவள் சுருக்குப்பை கனத்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உன் யோசனை பலித்தது. நாலு பொடிசும் பிழைத்தன. உன் மீன்தான் பிழைக்கவில்லை.

ஒரு நாள் காலையில் நான் கண்விழித்தபோது தொட்டியில் நாலுதான் இருந்தன. முருங்கையடியில் மண் புதிதாகக் கிளறியிருந்தது. அத்தை கையில் ஈரமண். துணிமூட்டை கட்டப் போகிறாள் என்று அடுப்படியிலேயே நின்றேன். எதைச் சொல்லி நிறுத்துவது?

அவள் தொட்டிக்குத் தீனி போட்டுவிட்டு, ஒரு பொடி மீனைக் காட்டினாள்.

"பாத்தியாடி, கடிபட்ட வாலு திரும்ப வளந்துடுச்சி. ஆளுதான் கொஞ்சம் எளச்சிப் பூட்டான்."

அந்த மீனுக்கு வால் எப்போதும் முழுசாகத்தான் இருந்தது.

"ஆமா அத்த," என்றேன். "நல்லா வளந்துடுச்சி."

இந்த வீட்டில் நான் கால் வைத்த பிறகு நாங்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். பார்க்க நீதான் இல்லை.

உன் தங்கச்சி போனில் மீனைப் பற்றிக் கேட்டால் "கல்லு மாரி கீது" என்கிறாள் அத்தை. நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன். நீ உன் தங்கச்சி கனவில் கினவில் போய் உளறி வைக்காதே. இந்த மீனும் ஒரு நாள் போகும். அப்போது இன்னொன்றுக்கு வால் வளர்ந்துவிட்டது என்று நான் முந்திக்கொண்டு சொல்வேன். இது உன் மேல் சத்தியம். உன் அம்மாவைப் படகேற விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமன் மகள்,
இன்னமும் உன் அம்மாவுக்கு மருமகள்.