இன்னும் எத்தனை பேருக்குச் சுட வேண்டும்

மார்ச் 4

எங்கள் கம்பெனி கெட்டிலின் கைப்பிடி கழன்று வெந்நீர் தொடையில் கொட்டிவிட்டதென்று இன்று மறுபடியும் ஒரு போன். புகார் பிரிவில் உட்கார்ந்து திட்டு வாங்குவதுதான் என் பிழைப்பு, பழகிப்போச்சு. இந்தப் பெண் திட்டவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலம்மா, சும்மா தூக்கினேன்" என்று, ஏதோ தப்பு தன் மேல் இருப்பதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு எழுதிக் கொடுத்திருப்பதை வாசித்தேன்: உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது.

மார்ச் 5

மேலாளரிடம் போனேன். எதற்கெடுத்தாலும் "பொறுங்க" என்பதால் எங்களுக்குள் அவர் பெயர் பொறுமையார்.

"வித்ததை எல்லாம் திரும்ப வாங்கிடலாமே சார்."

"பொறுங்கம்மா. எவ்வளவு வித்தது, எவ்வளவு புகார்னு ஒரு விகிதம் இருக்கு. அதைத் தாண்டினா வாங்கித்தான் ஆகணும். இன்னும் தாண்டல."

"தாண்டணும்னா இன்னும் கொஞ்சம் பேருக்குச் சுடணும். அதானே சார்?"

"அப்படிச் சொல்லாதீங்க."

வேறு எப்படிச் சொல்வதாம்?

மார்ச் 6

அண்ணி வீட்டிலும் அதே கெட்டில், நான் வாங்கிக் கொடுத்ததுதான். வேலை முடிந்ததும் நேரே போய் எடுத்து வந்துவிட்டேன். "நல்லாத்தானே இருக்கு, எதுக்குடி?" என்றாள். சொன்னேன். "அப்போ போன் பண்றவங்ககிட்டயும் இதைச் சொல்றியா?"



மார்ச் 10

இன்று பேசியவர் ஒரு சமையல்காரர். அவருக்கு இரண்டு கையிலும் கட்டு. போனை மனைவிதான் அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தாளாம்.

எழுந்து போய்ப் பொறுமையாரிடம் கேட்டேன். "உங்க வீட்ல இந்தக் கெட்டில் இருக்கா சார்?"

"இருந்துச்சு."

"இப்போ?"

"பரண்ல போட்டுட்டேன். வீட்ல சின்னக் குழந்தை இருக்கும்மா."

பரண்ல போட்டானாம். அவன் குழந்தைக்கு விகிதம் வேண்டாம். ஊரான் வீட்டுக்கு மட்டும் தராசு. நான் மட்டும் என்ன ஒழுங்கு — அண்ணி வீட்டுக்குத்தானே ஓடினேன்?

மார்ச் 11

இன்று கூப்பிட்ட அத்தனை பேரிடமும், மிக்ஸி ஓடலைன்னு சொன்னவரிடமும்கூட, "எங்க கெட்டில் வெச்சிருந்தா இனிமே தொடாதீங்க, கைப்பிடி கழலுது" என்றேன். பேசுவதெல்லாம் பதிவாகிறது. ஆகட்டும்.

பக்கத்து சீட்காரி முதலில் முறைத்தாள். மத்தியானத்துக்கு மேல் அவளும் அதையே சொல்ல ஆரம்பித்தாள்.

மார்ச் 12

மேலிடத்தில் கூப்பிட்டார்கள், பொறுமையாரும் இருந்தார். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்றார்கள். "யாரையும் கேக்கல. கேட்டா பொறுங்கன்னு சொல்வீங்க."

நாளையிலிருந்து எனக்குப் போன் கிடையாது. கிடங்கு.

மார்ச் 13

உட்கார நாற்காலி இல்லை. கால் வலி.

மார்ச் 29

விற்ற கெட்டிலை எல்லாம் திரும்ப வாங்குவதாகப் போன வாரம் அறிவித்துவிட்டார்கள். 'முன்னெச்சரிக்கை நடவடிக்கை'யாம். சமையல்காரர் கையில் கட்டுப் பிரித்தார்களோ இல்லையோ.

இன்று காலை முதல் லாரி வந்தது, முழுக்கக் கெட்டில். பெட்டி பெட்டியாகப் பிரித்து அடுக்கினேன். ஒன்றின் உள்ளே இன்னும் ஈரம். கொடுக்கிற அன்று வரைக்கும் யாரோ அதில் தண்ணீர் காய்ச்சியிருக்கிறார்கள். கைப்பிடியைத் தொடாமல், அடியில் கை கொடுத்துத் தூக்கி வைத்தேன்.