போரில் ஒருமுறையும் குதிக்காத அண்ணனுக்கு

என் அன்பு அண்ணா,

இன்றைய போரில் வானத்திலிருந்து குதிக்கிற சிப்பாய்க்கு என்ன வேலை இருக்கிறது? உங்கள் மகன் கதிர் நேற்று இதைத்தான் கேட்டான். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிற எனக்குப் பதில் தெரியவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் அவன் காலாட்படையில் சேர்ந்தான். இப்போது விடுப்பில் வந்திருக்கிறான். திரும்பியதும் உங்களைப் போலப் பாராசூட் படைக்குப் பெயர் கொடுக்க வேண்டுமாம். "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதாங்க அத்தை" என்று முடிவை என் தலையில் கட்டிவிட்டான். அடுப்படியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க படிச்சவங்க. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பான்."

மலையிலிருந்து இறங்கித் தப்பிக்கவும் வழியில்லை. மழையில் கொண்டை ஊசி வளைவொன்றில் பாறை சரிந்து, சேந்தமங்கலம் பஸ் நின்றுவிட்டது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே வீட்டுக்குள் நடமாடுகிறோம்.

வேண்டாம் என்று சொல்லக் காரணங்கள் இருக்கின்றன. தோளில் வைத்து ஏவும் ஏவுகணையும் ட்ரோனும் பெருகிவிட்ட காலத்தில், ஆட்களை நிரப்பிக்கொண்டு தாழப் பறக்கும் விமானம் எளிய இலக்கு. உயிரோடு இறங்கினாலும் கையிலிருப்பது சுமந்து வந்தது மட்டும். ஒரு பாலத்தையோ விமானத் தளத்தையோ பிடித்துவைத்து, தரைவழியாக வரும் படைக்குக் காத்திருக்க வேண்டும். சுற்றிலும் எதிரி.

"அவங்க வந்து சேரலேன்னா?" என்று ஒருமுறை உங்களிடம் கேட்டேன்.

"நம்ம மலைக்கு வர்ற பஸ்ஸுக்கு நீ நிக்கறதில்லையா கண்ணு? அப்படித்தான்."

அன்று சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

"எந்தச் சண்டையிலீங்க குதிச்சீங்க?" என்று ஊரில் உங்களைச் சீண்டுவார்கள். ஒன்றிலும் இல்லை. பயிற்சியில் குதித்தீர்கள். எல்லை மலைகளில் மற்றவர்களைப் போல நடந்துதான் ஏறினீர்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களிடம் ஹெலிகாப்டரில் போய் இறங்கினீர்கள். "நாங்க எங்க வந்து எறங்குவோமோன்னு எதிரி தன் பின்னாலயும் ஆளை நிறுத்தோணுமில்ல? குதிக்காமயே அத்தனை பேரைக் கட்டிப்போட்டிருக்கோம்" என்பீர்கள். நடக்காத ஒன்றின் பயனை எப்படி நிரூபிப்பது அண்ணா? உங்களை நம்பினேனா, பாசத்தில் தலையாட்டினேனா?

பயனில்லை என்றால் உங்கள் அத்தனை வருடங்களையும் ஒரு சொல்லில் அழித்தவளாவேன். பயனுண்டு என்றால் அவனை அனுப்பியவள் நானாவேன்.

குதிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் பாராசூட் வார்களை இழுத்துப் பார்த்து, சரியென்று தோளில் தட்டுவார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். தன் முதுகைத் தானே பார்க்க முடியாதே. நான் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிய அன்று என் பையையும் அப்படி இழுத்துப் பார்த்துத் தட்டினீர்கள். அதற்குப் பிறகு எனக்குத் தயக்கம் இல்லை.

கதிரிடம் பொய் சொல்ல மாட்டேன். உங்கள் பெயரைக் காட்டி அவனைத் தள்ளவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கடிதத்தை முடிக்காமல் வைத்திருந்தேன். மறுநாள் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

காலையில் பாறையை அகற்றிவிட்டார்கள். விடுப்பு முடிந்து கிளம்பிய கதிரிடம் பஸ் நிறுத்தத்தில், "எனக்குத் தெரியலடா" என்றேன்.

"அத்தனை புஸ்தகம் படிச்ச உங்களுக்கே தெரியலீன்னா வேற யாருக்குங்க அத்தை தெரியும்?" என்று சிரித்தான்.

பஸ் வந்தது. பையை மாட்டிக்கொண்டான். அண்ணி அவன் பின்னால் போய் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒன்று முறுக்கியிருந்தது. நிமிர்த்திவிட்டுத் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஏறு சாமி."

உங்கள் ஒவ்வொரு விடுப்பு முடிவிலும் உங்களுக்கும் அவர்தான் இழுத்துப் பார்த்தாரா அண்ணா? பஸ் வளைவில் மறைந்து வெகுநேரம் ஆகியும் அவர் என் கையை விடவில்லை.

உங்கள் பின்னால் பிறந்த,
தங்கை