பற்றரித் தண்ணி

மாங்குளம்,
4.12.1986

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்தப் பனிக்குள் உங்கள் உடம்பு நன்றாயிருக்க முறிகண்டியில் தேங்காய் உடைத்தோம், இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுதச் சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போய்விட்டா. மிச்சத்தை நான் என்பாட்டில் எழுதுகிறேன்.

முந்தநாள் ஐயாவின் சாரத்தைத் தோய்க்கும்போது முழங்கால் பக்கத்தில் கடுகளவாக ஓட்டைகள் கண்டேன். எலி கடித்ததுபோல இல்லை, தொட்ட இடமெல்லாம் நூல் பொடியாக வந்தது. நீங்கள் புதுப் பற்றரிக்கு அசிட் விட்ட அன்று உங்கள் சாரமும் இப்படித்தான் போனது. உங்கள் வேலையிடத்தில் வீடு மாதிரியான வான் வண்டிகளைப் பனிக்காலம் முழுக்க நிறுத்தி, பற்றரி வயரைக் கழற்றி, தண்ணி குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணி விட்டு, இடைக்கிடை சார்ஜ் ஏற்றி வைப்பார்கள், எங்கள் வானும் மாரியில் நிற்பதால் அப்படியே செய்யுங்கோ என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா. ஐயா சந்திக் கடையில் பற்றரித் தண்ணி கேட்டிருக்கிறார். இங்கே அசிட்டுக்கும் அந்தப் பெயர்தானே, அவர்கள் அசிட்டையே கொடுத்துவிட்டார்கள், ஐயாவும் பற்றரியின் எல்லா ஓட்டையிலும் விளிம்புவரை ஊற்றிவிட்டார். இப்போது வான் திறப்பைத் திருப்பினால் டக் என்ற சத்தம் மட்டும்தான். கேட்டால், மழைக் குளிர் பிள்ளை, ரெண்டு வெயில் கண்டால் எழும்பும் என்கிறார்.

எங்கள் விமலேஸ்வரி அக்காவுக்கு இதுதான் பிள்ளை பிறக்கிற மாதம். போன முறை மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் பிள்ளை போனதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா இப்போது வான் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் தைரியமாயிருக்கிறா. உங்களிடம் கேட்டுப் பதில் வருமுன் பிள்ளை பிறந்துவிடும். அதனால் நேற்று அடுத்த வளவு வீரகத்தியரிடம் தனியே போனேன். வாய்க்கால் சண்டைக்குப் பிறகு எங்கள் வீட்டார் ஒருவரும் அவர் படலையைத் திறந்ததில்லை. உனக்குக் கதைக்கத் தெரியுமோ, ஊமை எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சன் என்று சிரித்தார். அக்காவுக்கு வலி வந்தால் உழவு மெசினில் ஆள் ஏற்றுகிற பெட்டியைப் பூட்டித் தருவீங்களோ என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்தி, தரலாம், ஆனால் கொப்பர் வந்து ஒரு வார்த்தை கேக்கவேணும் என்று ஐயாவைச் சொன்னார்.

அம்மா திரும்பி வந்து, அவவுடைய ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கும், நேரத்துக்குச் சாப்பிடவேணும், கம்பளி இல்லாமல் வெளியே இறங்கக்கூடாது, வெள்ளிக்கிழமையில் திருநீறு பூச மறக்கக்கூடாது என்று எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன்.

அதோடு கடிதத்தை வைத்துவிட்டு எழும்பினேன். ஐயா விறாந்தையில் கதிரையில் இருந்தார். மிச்ச அசிட் இருந்த போத்தலை எடுத்துப்போய் அவருக்கு முன்னால் சீமெந்தில் கொஞ்சம் ஊற்றினேன். பொரிந்து நுரைத்தது. ஐயா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இப்ப என்ன பிள்ளை செய்யிறது என்றார். வீரகத்தியரிட்டை மெசின் இருக்கு ஐயா, நீங்கள்தான் வந்து கேக்கவேணுமாம் என்றேன். அவர் எழும்பவில்லை. நான் உள்ளே போய் அவருடைய சட்டையையும் குடையையும் எடுத்துவந்து நீட்டினேன்.

அம்மாவுக்காக எழுதிய
உங்கள் தங்கச்சி
தவமலர்