வாக்குச்சாவடியில் நான் உரக்கச் சொன்னது

குர்ராபின்
ஏப்ரல் 6, 1999

அன்புள்ள மெர்வ்,

நீயும் உன் நாய்களும் நலம்தானே? மூன்று தடவை போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தேர்தல் அன்று நான் ஏதோ விளையாட்டாகச் சொன்னதற்கா இவ்வளவு கோபம்? நாற்பது வருஷத்தில் நாம் பேசாத கேலியா?

எனக்கு அது முதல் தேர்தல் வேலை. விடியற்காலையே பள்ளிக்கூட மண்டபம், நெஞ்சில் பெயர் அட்டை. ஊரே என் முன் வந்து பெயர் சொல்லி நின்றது. மேல்சபைக்கு அத்தனை கட்சிகள் போட்டி, வாக்குச்சீட்டு மேஜை விரிப்பு அளவு. மடிக்கச் சொல்லிக் கொடுத்தே ஓய்ந்துபோனேன். நீ வந்த நேரம் எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை கிளப்புக்கு வா.

உன்,
லைல்

ஏப்ரல் 11

லைல் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா இருந்தவரை கூடவே நின்று, அவர் சொன்ன ஆளின் பெயருக்கு நேரே சீட்டில் எண் போட்டுக் கொடுப்பார். இந்த முறை தனியாகக் கிளம்பினார். "லைல் இருப்பான், அவன் பாத்துக்குவான்" என்றார்.

உங்களிடம் மெதுவாக, "கண்ணாடிய மறந்துட்டேன்டா, கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றாராம். நீங்கள் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "சட்டப் பையிலதானடா இருக்கு கண்ணாடி! பள்ளிக்கூடத்துக்கே வந்தும் படிக்க மாட்டேங்கிறான் பாருங்க!" என்றீர்களாம். எல்லாரும் சிரித்தார்களாம். வெற்றுச் சீட்டுகளைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவர், இன்றுவரை ஊருக்குள் போகவில்லை. ரொட்டிகூட நான்தான் வாங்கி வருகிறேன்.

தெரியாமல் சொல்லியிருப்பீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். சரி என்று தலையசைத்தார்.

டெனிஸ்

ஏப்ரல் 15

மெர்வ்,

டெனிஸ் படிக்கத்தான் நீ கேட்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தெரியாமல் சொல்லவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில், ரோம மூட்டைகளில் பெயர் எழுத உன்னைக் கூப்பிட்ட அன்று கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தாய். காயம் எதுவும் இல்லை. அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. உனக்காக நானே எழுதினேன். யாரிடமும் மூச்சு விடவில்லை என்பதில் எனக்குள் பெருமை வேறு.

முப்பத்தேழு வருஷம் காப்பாற்றியதை ஒரு சிரிப்புக்காகப் போட்டு உடைத்துவிட்டேன். நெஞ்சில் அட்டை, எதிரே அத்தனை பேர். அவர்கள் சிரித்தது எனக்கு இனித்தது. நீ தலைகுனிந்து போவதைப் பார்த்தேன். எழுந்து வந்திருக்கலாம். "அடுத்தவங்க வாங்க" என்றேன்.

உன்னால் படிக்க முடியாது என்று தெரிந்தும் கடிதம் எழுதியது, நேரில் வந்து உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான். இப்போதும் அதே பயம்தான். வெட்கமாக இருக்கிறது, மெர்வ்.

லைல்

ஏப்ரல் 20

லைல் மாமாவுக்கு,

அப்பா முழுவதும் கேட்டார். "அன்றே எனக்குப் புரிந்துவிட்டது" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

வந்து சொன்னார்: "தெரியாமச் சொல்லிட்டான்னு நெனச்சு, போன வாரமே மன்னிச்சிட்டேனே... இப்ப என்ன பண்றது?"

கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன்.

எந்தச் சாவடியில் போட்டாலும் வாக்கு செல்லும் என்பதால், அடுத்த தேர்தலுக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறாராம். முகம் தெரியாத ஆளிடம், படிக்கத் தெரியாது என்று நேராகவே சொல்லிவிடலாமாம்.

இனி எழுத வேண்டாம், மாமா. படித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

டெனிஸ்