காத்தாடி டீல் வரைந்த நோட்டு

மாட வீதியில் செல்போன் ரிப்பேர் கடையைத் தாண்டும்போது ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறியது. அப்படியே நின்றுவிட்டேன். உன் சட்டையில் எப்போதும் அடித்த வாசனைடா அது.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி வீட்டு மாடியில் ஏரியல் கட்டப் போனோமே! நீ ரேடியோ கடை மெக்கானிக், நான் ஏணி பிடிக்க வந்தவன். என் பேரன்களிடம் நான்தான் மெக்கானிக் என்று சொல்லி வைத்திருக்கிறேன், கண்டுக்காதே. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெட்டியை முதலாளி டிவியில் மாட்டினார். திரையில் இரண்டு கோடு, நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. குமிழைத் திருகினால் கோடு ஏறி இறங்கும், புள்ளி டொக்கென்று மோதித் திரும்பும். பதினெட்டு ஆட்டம் ஜெயித்தேன். சரி, மூன்று. நீ ஆடவேயில்லை. "இத்த செஞ்சவனும் மனுசன்தானே மச்சி? அப்ப நானும் செய்வேன்" என்றாய்.

அப்புறம் மூன்று மாதம் கட்டம் போட்ட நோட்டில் உன் ஆட்டத்தை வரைந்தாய்: காத்தாடி டீல், இரண்டு காத்தாடி ஒன்றின் நூலை ஒன்று அறுக்கிற சண்டை. பக்கத்துக்குப் பக்கம் காத்தாடி ஒரு கட்டம் நகரும். சரசரவென்று புரட்டினால் இரண்டும் பின்னிக்கொள்ளும், ஒன்று அறுந்து மிதந்து போகும். எட்டாவதோடு நின்ற எனக்கே புல்லரித்தது. "குடு நைனா, கிண்டி டிவி ஃபேக்டரில நமக்கு வேண்டிய இன்ஜினியர் கீறார்" என்று வாங்கிப் போனேன்.

வந்து என்ன சொன்னேன்? "நோட்ட அவங்களே வச்சிக்கினாங்கடா. ஆறு இன்ஜினியர் எழுந்து நின்னு கை தட்டினாங்க. வேலைக்கு லெட்டர் வரும், பார்த்துக்கினே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தாய். அந்த வாரம்தான் உன் ரேடியோ கடை முதலாளி டிவி வேலை கற்க உன்னை பெங்களூர் போகச் சொன்னார். "எனக்கு லெட்டர் வருது, வேற ஆள அனுப்புங்க" என்றாயாம். தபால்காரரைத் தெருமுனையிலேயே போய் மறித்தாய். ஏரியல் கட்டியே கிழவனானாய். பிறகு ஊரில் ஏரியலும் இல்லாமல் போனது.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டாய்: "ஆறு பேர்ல ஒருத்தனுக்குக்கூடவா மச்சி ஒரு வரி எழுதத் தோணல?"

"தபால்ல தொலைஞ்சிருக்கும்டா" என்றேன். அப்போதும்.

எந்த இன்ஜினியரும் இல்லைடா. வாட்ச்மேன் என்னை வாசலிலேயே திருப்பி அனுப்பினான். நீ முகம் மலர எதிரே ஓடி வந்தாய், எனக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை.

நோட்டு என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. இன்றும் எடுத்துப் புரட்டினேன். காத்தாடி அறுகிற பக்கம் வருவதற்குள் மூடிவிட்டேன்.