பக்கத்து மனையில் ஒரு மாடி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நான் நலம். உடம்பும் நலம், புத்தியும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். புத்தியைத் தனியாகக் குறிப்பிட்டு எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் உன் அத்தை. நான் வெயிலில் காலி மனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இல்லாத கதவைத் திறந்து மூடுகிறேன், இல்லாத அடுப்புக்கும் இல்லாத குழாய்க்கும் நடையாய் நடக்கிறேன், அண்ணிக்கு மரை கழன்றுவிட்டது என்று அவள் உனக்குப் போன் செய்து அழுதாளாம். அதனால்தான் போன ஞாயிறு நீ என்றும் இல்லாத குழைவோடு நல்லா தூங்குறியாம்மா, வேளைக்குச் சாப்பிடுறியாம்மா என்று கேட்டாய் என்று இப்போது புரிகிறது. நாற்காலி போட்டது உண்மை. கதவைத் திறந்து மூடியதும் அடுப்புக்கு நடந்ததும் உண்மை. மீதி உன் அத்தையின் சொந்தச் சரக்கு.

நடந்தது இதுதான். இன்ஜினியர் பெண் நாம் கட்டப்போகும் வீட்டின் படத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். கெட்டிக்காரப் பெண், கோடெல்லாம் சுத்தம், ஆனால் தாளில் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், காகிதத்தில் முழு அளவுக்கு வெட்டி உடம்பில் வைத்துப் பார்க்காமல் துணிமேல் கத்திரியை வைக்க விடமாட்டார், வைத்தவளுக்கு விரல் கணுவில் ஸ்கேல் விழும். ஒரு பாவாடைக்கே அத்தனை எச்சரிக்கை என்றால் ஆயுள் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டும் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீயே சொல். நான் நூல்கயிறும் நாலு கிலோ சுண்ணாம்புப் பொடியும் வாங்கிக்கொண்டு மனைக்குப் போய், படத்தில் உள்ள ஒவ்வொரு சுவரையும் தரையில் முழு அளவுக்குப் போட்டேன். போட்டுவிட்டு அந்த வீட்டில் மூன்று நாள் குடியிருந்தேன், அவ்வளவுதான். குளியலறைக் கதவைத் திறந்தால் அது கைகழுவும் தொட்டியில் இடிக்கிறது. அடுப்பிலிருந்து சாப்பாட்டு மேசைக்குச் சூடான பாத்திரத்தோடு போக ஒரு தூணைச் சுற்றிப் பதினொரு அடி வைக்க வேண்டும். என் அறையில் கட்டிலைப் போட்டால் பீரோவின் ஒரு கதவுதான் திறக்கும், புடவை எடுக்கலாம், பத்திரம் எடுக்க முடியாது. இதையெல்லாம் இன்ஜினியர் பெண்ணை அழைத்து நடக்கவைத்துக் காட்டினேன். அவள் தலையைச் சொறிந்துகொண்டு, எங்க வாத்தியாருங்க இதை எங்களுக்குச் சொல்லித் தரலையேம்மா என்றாள். சுவர் கட்டிய பிறகு கண்டிருந்தால் இடித்துக் கட்டும் செலவு யார் தலையில் விடிந்திருக்கும் என்று உன் அத்தையைக் கேள்.

அடுத்து மேஸ்திரி. அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஆகட்டும். எதைக் கேட்டாலும் ஆகட்டும்மா. சதுர அடிக்கு இரண்டாயிரத்து நானூறு, கீழே தொள்ளாயிரம் சதுர அடி, மேலே எழுநூறு, ஆக முப்பத்தெட்டரை லட்சத்துக்குள் சாவியைக் கையில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். நம்மிடம் இருப்பது நாற்பத்தைந்து. உன் அப்பா விட்டுப்போன ஓய்வுப்பணமும் என் வைப்புத்தொகையும் சேர்ந்து முப்பத்தொன்று, நீ மாடிக்கென்று அனுப்பி வைத்திருப்பது பதினான்கு. கேட்கத் தித்திப்பாகத்தான் இருந்தது. சுற்றுச்சுவர் இதில் சேர்ந்ததா என்று கேட்டேன். ஆகட்டும்மா. சேர்ந்ததா இல்லையா? ஆகட்டும்மா, அதையும் போட்டுடலாம். போட்டுடலாம் என்றால் யார் காசில் என்று கேட்டதும்தான் மனிதர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். உட்காருங்கள் என்று சொல்லி ஒரு தம்ளர் காபி கொடுத்து மறுபடி கூட்டச் சொன்னேன். அவருடைய வீடு வெளிச்சுவரோடு முடிந்துபோகிறது, மகளே. சுற்றுச்சுவர், கேட், கழிவுத்தொட்டி, தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, ஆழ்குழாய், மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம், ஒன்றும் கிடையாது. இதற்கெல்லாம் ஏழரை லட்சம். எதிர்பாராததற்கு நூற்றுக்குப் பத்து ஒதுக்கி வை என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், அதையும் சேர்த்தால் ஐம்பதரை. ஐந்தரை லட்சம் துண்டு விழுகிறது. மேஸ்திரியை நான் விரட்டியதாகவும் ஊரில் பேச்சாம். விரட்டவில்லை, கூட்டவைத்தேன். அதற்கே அவர் நான்கு நாள் வரவில்லை.

இந்தக் கணக்கு மண்டைக்குள் ஏறியதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இதோ இந்தக் கடிதத்தையே மூன்றாம் முறையாக எழுதுகிறேன், நடுவில் எழுந்துபோய்க் காய்ந்த துணியை மடித்துவிட்டு, மடித்ததையே மறுபடி மடித்துவிட்டு வந்தேன். வாடகை வீட்டுக்காரர் வேறு, மகனுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, வருஷக் கடைசிக்குள் வீடு வேண்டும் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மரியாதையாகச் சொல்பவர்களோடு சண்டையும் போட முடிவதில்லை.

மாடிக்கு வருகிறேன். கீழ்வீட்டைத் தரையில் போட்டாயிற்று, மாடியை எங்கே போடுவது? ஆகாயத்தில் சுண்ணாம்பு நிற்காது. பக்கத்து மனையும் காலிதான், மளிகைக்கடைக்காரருடையது. அவர் எங்கே வந்து பார்க்கப்போகிறார் என்று என் மாடியை அவர் மனையில் போட்டுவிட்டேன். உன் படுக்கையறை, குட்டியின் அறை, குளியலறை, மாப்பிள்ளை மடிக்கணினியோடு உட்கார ஒரு மூலை, எல்லாம். மறுநாள் காலை மனிதர் ஸ்கூட்டரைக்கூடச் சரியாக நிறுத்தாமல் ஓடிவந்தார். என்னம்மா இது, படிச்சவங்க நீங்களே இப்படி மனையை வளைக்கலாமா என்றார். வளைக்கவில்லை ஐயா, இது என் மாடி என்றேன். உங்க மாடி எப்படிம்மா என் தரையில இருக்கும் என்றார். வாஸ்தவமான கேள்வி. விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டு, அவரும் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே வந்து சுற்றிப் பார்த்து, ஜன்னல் கிழக்கே இருந்தா நல்லா வெளிச்சம் வரும்மா என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். உன் அத்தைக்குச் செய்தி போனது அவர் கடை வழியாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று மாலை இன்ஜினியர் பெண் மாடியைப் பார்க்க வந்தாள். குட்டியின் அறையில் நான் போட்டிருந்த கட்டிலின் அளவைப் பார்த்தாள், நாலடி. குழந்தைக்கு என்ன வயசும்மா என்றாள். ஐந்து என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் கடைசியாக விமானம் ஏறி இங்கே வந்தபோதுதான் ஐந்து. இப்போது பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது. வயது தெரியாமல் இல்லை, பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொன்னவளே நான்தான், ஆனால் கைபேசியில் முகம் மட்டும்தானே வருகிறது, கால் எவ்வளவு நீண்டது என்று யாருக்குத் தெரிகிறது? என் கை தன் பாட்டில் அந்த ஐந்து வயதுக்கே கட்டில் போட்டிருக்கிறது. அளவில் தப்பு செய்யாதவள் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வது உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது.

சரி, உயரத்தைக் கேட்டுவிடலாம் என்று வியாழக்கிழமை போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய், குட்டிதான் எடுத்தாள். நாலடி எட்டு அங்குலமாம். எப்படித் தெரியும் என்றேன், என் ரூம் கதவு நிலையில அப்பா கோடு போட்டு வெச்சிருக்காரே பாட்டி என்றாள். அறைக்கு அவளே தேர்ந்தெடுத்த பச்சை நிறம் அடித்திருக்கிறதாம், புத்தகப் பலகை மாட்ட அப்பா சுவரில் எட்டு ஓட்டை போட்டாராம், ஓட்டை போட்டா திட்ட இங்க யாரும் இல்ல பாட்டி, இது நம்ம வீடு என்றாள். குழந்தையைக் கோபிக்காதே. அவள் ஒன்றையும் போட்டுக்கொடுக்கவில்லை, உயரம் சொன்னாள். நாற்பது வருஷம் வாடகை வீட்டில் காலம் தள்ளியவள் நான், நிலையில் கோடு போட்டு, சுவரில் எட்டு ஓட்டை போட்டு, பச்சை அடிக்க எந்த வீட்டுக்காரரும் விட்டதில்லை.

வாங்கியது தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் உழைப்பு, உங்கள் வீடு, நன்றாக வாழுங்கள். மறைத்தாய் என்று குற்றம் சாட்டவும் இல்லை, ஏனென்றால் நானும் கேட்கவில்லை. எப்போது திரும்பி வருகிறீர்கள் என்று கேட்டால் நீ பார்க்கலாம்மா என்பாய், நான் சரி என்பேன், இருவரும் உடனே சமையலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவோம். அந்தப் பார்க்கலாமுக்கும் மேஸ்திரியின் ஆகட்டுமுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாதாமாதம் மாடிக்கென்று நீ பணம் அனுப்பிக்கொண்டே இருந்ததால் பதில் வந்துவிட்டது என்று நானும் என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

ஆனால் அஸ்திவாரம் பார்க்கலாம் என்று நிற்காது. இன்ஜினியர் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள், குழி ஆழமும் கம்பிக் கனமும் இப்பவே முடிவாகணும்மா, ஒரு தளத்துக்குப் போட்டுட்டு அப்புறம் மனசு மாறி மேல ஏத்தினா தாங்காது என்று. மழைக்கு முன்னால் கான்கிரீட் போட வேண்டும். கம்பி கட்டுபவர்களிடம் ஐந்து வாரம் தவணை வாங்கியிருக்கிறேன், அதற்கு மேல் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மாடி வேண்டாம் என்றால் படிக்கட்டு போய்விடும், எண்ணூற்றைம்பது சதுர அடி போதும், எல்லாச் செலவும் சேர்த்து என் முப்பத்தொன்றிலேயே முடிந்துவிடும், விருந்தாளிக்கு ஓர் அறையும் இருக்கும், உன் பதினான்கு லட்சம் உன் வீட்டுக் கடனுக்குத் திரும்பி வரும். மாடி வேண்டும் என்றால் துண்டு விழும் ஐந்தரைக்கு நான் கீழே தரைக்கு ஓடு போடாமல், அலமாரி வைக்காமல் சமாளித்துக்கொள்வேன், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. வெறும் சிமெண்டுத் தரையில் நடந்து யாரும் செத்ததில்லை.

உன் அத்தை மூன்றாவதாக ஒரு வழி சொல்கிறாள். இரண்டு தளத்துக்கு அஸ்திவாரம் போட்டுக் கீழே மட்டும் கட்டிவிட்டு, தூண் கம்பியை மொட்டைமாடியில் நீட்டி விட்டுவிடுங்க அண்ணி, வர்றப்ப வரட்டும் என்கிறாள். இரண்டு லட்சம் கூட ஆகும், அது கிடக்கட்டும். இந்தத் தெருவிலேயே அப்படி ஏழு வீடு எண்ணினேன். கம்பி துருப்பிடித்து, மழைக்குச் சுவரில் செம்மண் நிறத்தில் வழிந்து, துணி காயப்போட உதவுகிறது. யார் யார் பிள்ளைகள் வரவில்லை என்று தெருவில் போகிறவர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துச் சொல்லிவிடலாம். அப்படி ஒரு கம்பிக்குக் கீழே படுத்துத் தூங்க எனக்கு இஷ்டமில்லை. கட்டினால் முழு மாடி, இல்லையென்றால் ஒழுங்காகத் தளம் மூடிய ஒரு தனி வீடு. இரண்டில் எதுவானாலும் நான் அதில் நன்றாக வாழ்வேன். எதுவென்று தெரியாமல்தான் வாழ முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். முதுகுவலிக்கு மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்காமல் எழுந்து நடக்கச் சொல். குட்டிக்கு முத்தம், பச்சை நல்ல நிறம் என்று பாட்டி சொன்னதாகச் சொல். நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. உங்கள் மூவருக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் மனநிம்மதியும் பெருகட்டும்.

இதற்குப் போனில் பதில் சொல்லாதே. போனில் உன் குரல் தழுதழுத்தால் நான் உடனே சரி என்றுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். மாப்பிள்ளையும் நீயும் உட்கார்ந்து பேசி, திரும்பி வந்து இங்கே குடியிருக்கப் போகிறீர்களா இல்லையா என்பதை உன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஐந்து வாரத்துக்குள் எனக்குக் கிடைக்கும்படி தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா